ஒரு சிட்டிகை புரோமைடு

அத்தியாயம் ஆறு

"முப்பத்தொரு வருஷமாக நான் இந்த வீட்டில் வேலைக்காரியாக மட்டுமே இருந்தேன். காலஞ்சென்ற முதலாளிக்கு நான் மனைவி அல்ல."

இப்படி எழுதிய ஒரு காகிதத்தில் ஒரு பெண்மணியிடம் கையெழுத்து வாங்கி வருவதுதான் அன்றைக்கு எங்களுக்கு வந்த வேலை. துப்பறியும் தொழிலில் இப்படியும் ஒரு கிளை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேடத்துக்குத் தெரிந்திருந்தது. மேடம் என்றால் என் முதலாளியம்மா. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, வந்த மனுவையெல்லாம் இது பொய், அது புளுகு என்று தள்ளுபடி செய்து, அந்த ருசி விட்டுப்போகாமல் துப்பறிய வந்தவர். செத்தவனே எழுந்து வந்து நான் செத்துவிட்டேன் என்றாலும், சான்றிதழ் எங்கே என்று கேட்பார். என்னை வாலு என்று கூப்பிடுவார். எனக்கு வேறு பெயர் இருப்பதை நானே மறந்துகொண்டிருக்கிறேன்.

கேஸைக் கொடுத்தவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் சின்ன முதலாளி. அவருடைய அப்பா, பெரிய முதலாளி, மூன்று மாதத்துக்கு முன் காலமானார். முதல் மனைவி, அதாவது சின்ன முதலாளியின் அம்மா, பையனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குள் வந்த பெண்மணிதான் இப்போது கையெழுத்துப் போட வேண்டியவர். சமைத்தார், பையனை வளர்த்தார், பகலெல்லாம் ஸ்டூடியோ இருட்டறையில் மருந்து கலக்கி, படம் அச்சிட்டு, கழுவிக் காயப்போட்டார். படத்தைக் கறுத்து வரவைக்கும் டெவலப்பர் மருந்தில் ஊறி ஊறி அவருடைய நகங்கள் பத்தும் பழுப்பாகிவிட்டன. கறுக்காத மிச்சத்தைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் மருந்துக்கு ஹைப்போ என்று பெயர். தெருவில் அவருக்குப் பெயர் ஹைப்போ அம்மா.

தான் இரண்டாவது மனைவி என்கிறார் ஹைப்போ அம்மா. பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். அந்த வருஷத்துப் பதிவேடு வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது. சாட்சி போட்ட இரண்டு பேரும் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. பதிவாளரின் மேஜையில் குனிந்து இருவரும் கையெழுத்துப் போடுகிற படம். முப்பத்தொரு வருஷம் படுக்கையறைச் சுவரில் தொங்கியது. அதைச் சட்டத்தோடு கழற்றி அப்படியே வக்கீலிடம் கொடுத்தார். சின்ன முதலாளி ஆட்சேபித்தார். போட்டோவைப் பரிசோதிக்க எங்களைப் பிடித்தார்.

மேடம் பரிசோதித்த அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கருவி கிடையாது, ஒரு ஆய்வுக்கூடம் கிடையாது. சட்டத்தைப் பிரித்து, படத்தின் ஓரத்தைப் பார்த்தார். சட்டம் மறைத்திருந்த ஓரம் முழுக்க ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் படிந்திருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்றார்.

"வாலு, போட்டோவுக்கு வயசானா மஞ்சளாகும். பேப்பருக்கு வயசாகி, அதுல புதுசா போட்டோ போட்டா, சாம்பலாகும்."

பயன்படுத்தாத போட்டோ பேப்பர் டப்பாவுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஓரத்திலிருந்து கெட ஆரம்பிக்குமாம். வெளிச்சமே படாவிட்டாலும் டெவலப்பரில் போட்டதும் அந்த இடம் கறுத்துவிடும். ஆகவே இது பழைய பேப்பரில் சமீபத்தில் அச்சிட்ட படம், போலி. ஸ்டூடியோ அலமாரியில் அதே பழைய பேப்பர் டப்பா ஒன்று பாதி காலியாக இருந்தது. இருட்டறையில் வேலை செய்தவர் யார்? ஹைப்போ அம்மா. மேடம் ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினார். மறுநாள் காலை ஹைப்போ அம்மாவின் டிரங்குப் பெட்டி நடைபாதைக்கு வந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் சின்ன முதலாளி வெறும் அற்பன். அந்த அம்மாள் வேலைக்காரிதான் என்று தன் கையாலேயே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் போலி ஆவணம் தயாரித்த குற்றத்துக்குப் போலீசில் கொடுப்பேன் என்று கெடு வைத்தார். மாலை ஐந்து மணி வரை கெடு. காகிதத்தை எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

தையல்கடை மாடியில் ஒரு சின்ன அறையில் ஹைப்போ அம்மாவுக்கு இடம் கிடைத்திருந்தது. கீழே மெஷின்கள் ஓடுகிற அதிர்வில் தரை நடுங்கிக்கொண்டே இருந்தது. உட்காரச் சொன்னார். மேடம் உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார், மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில். ஜெயிலுக்குப் போகிற வயதா இது, போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று புத்திமதியும் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் அழவில்லை. பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் முன் அந்தப் போட்டோவை ஒரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். மேடம் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சட்டமில்லாமல் அந்தப் படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி ஓரத்தைப் பார்த்தார்.

அவர் முகம் மாறியது. வீட்டை விட்டுத் துரத்தியபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"இதை நான் போட்டதாவா சொல்றீங்க?"

அறிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றார் மேடம். எழுதியது யார் என்று கேட்டார் அந்த அம்மாள். நான்தான் என்றார் மேடம்.

"உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

மேடத்திடம் இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பார்க்கக் கொடுத்து வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஓரமெல்லாம் அழுக்கு பிடிச்சிருக்கு பாருங்க. பழைய பேப்பர்னா டெவலப்பர்ல ஒரு சிட்டிகை புரோமைடு போடணும். போட்டா சாம்பல் ஏறாது, பளிச்சுன்னு வரும். பழைய டப்பாவைத் தொட்டாலே என் கை தானா புரோமைடு பாட்டிலுக்குப் போகும். முப்பத்தொரு வருஷம் கலக்கின கை இப்படி ஒரு குப்பையைப் போடுமா? வேலைக்காரின்னு எழுதிக்குங்க, போங்க. வேலை தெரியாதவள்னு எழுதாதீங்க."

மேடம் படத்தை வாங்கினார். இந்தத் தடவை ஓரத்தைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நடுவில் பார்த்தார். இரண்டு தலைகள், ஒரு பேனா, விரித்த பதிவேடு, பின்சுவரில் காலண்டர். ரொம்ப நேரம் பார்த்தார். கீழே ஒரு மெஷின் நின்று, மறுபடி ஓடியது. நெகட்டிவ்கள் யார் வசம் இருந்தன என்று கேட்டார். இரும்பு அலமாரியில், சாவி எப்போதும் பெரிய முதலாளியின் இடுப்பில், அவர் போனதும் மகன் இடுப்பில் என்று பதில் வந்தது.

மேடம் கையெழுத்தாகாத காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த அம்மாளைக் கிளம்பச் சொன்னார். அவர் செருப்பு மாட்டுகிற இடைவெளியில் என்னை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"வாலு, நான் பேப்பரைப் பார்த்தேன். படத்தைப் பார்க்கவே இல்லை."

"புரியலை மேடம்."

"படத்துல ஒட்டு இல்ல, வெட்டு இல்ல. நிஜமான நெகட்டிவ்லேருந்து போட்ட பிரிண்ட். நடக்காத கல்யாணத்துக்கு ஏதுடா நெகட்டிவ்?"

பிறகு மடமடவென்று சொன்னார். அசல் படம் சுவரிலிருந்து காணாமல் போனால் அந்த அம்மாள் திருட்டு என்று கத்துவார், ஊரும் நம்பும். அதனால் சின்ன முதலாளி திருடவில்லை, மாற்றினான். அசலை எடுத்து ஒழித்துவிட்டு, அதே நெகட்டிவிலிருந்து பழைய பேப்பரில் புதிதாக ஒன்றை அச்சிட்டு அதே சட்டத்தில் மாட்டினான். உண்மைக்கே ஒரு போலி செய்தான். பிறகு அதைப் போலி என்று கண்டுபிடிக்க ஒரு ஆளையும் அமர்த்தினான். அச்சிடத் தெரியும், ஆனால் மருந்தை எப்போதும் அந்த அம்மாளே கலக்கி வைத்துவிடுவதால் எதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. புரோமைடு விட்டுப்போனது அதனால்தான்.

"அப்ப முதல் தடவையா நாம குற்றவாளிக்கு ஒத்தாசை பண்ணியிருக்கோம் மேடம்" என்றேன்.

"முதல் தடவைன்னு உனக்கு யார் சொன்னா?" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. தள்ளுபடி செய்த பழைய மனுக்கள் அப்போது அவர் கண்முன் வந்தனவோ என்னவோ, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

இனி வேண்டியது நெகட்டிவ். அது கிடைத்தால் ஹைப்போ அம்மா மனைவி. கிடைக்காவிட்டால் புரோமைடு கதையை எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை, ஐந்து மணிக்கு அவர் வேலைக்காரி அல்லது கைதி. சின்ன முதலாளி அதை இன்னும் வைத்திருப்பாரா என்று கேட்டேன். சாவி தன் இடுப்பில் இருக்கும்வரை கொள்ளையடிக்கிறவன் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட மாட்டான் என்றார் மேடம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது மணி நாலேகால். முன்னால் கவுண்டர், கண்ணாடி, நூலில் கட்டிய சீப்பு. உள்ளே நீளமான நடை. நடையின் கோடியில் இருட்டறைக் கதவு, அதற்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். பெரிய முதலாளி உயிர் போகிற அன்றைக்குக்கூட, பல்பு எரிந்ததால் செய்தி சொல்ல வந்தவன் பத்து நிமிஷம் வாசலில் நின்றானாம்.

சின்ன முதலாளிக்கு முப்பத்தேழு வயது, வழவழவென்று சிரிப்பு. ஹைப்போ அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமானது. கால் வலியோடு வந்த அந்த அம்மாள் சோபாவின் நுனியில் உட்காரப் போனார்.

"அது கஸ்டமருக்கு. நீ நில்லு."

வளர்த்தவளை நீ, நில்லு என்றான். இந்த இடத்திலிருந்து அவனுக்கு நானும் மரியாதை கொடுப்பதாக இல்லை. அந்த அம்மாள் எழுந்து நின்றார். பழக்கப்பட்டவர் மாதிரி எழுந்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேடம் ஒன்றுமே நடக்காத குரலில் பேசினார். கையெழுத்தை உங்கள் முன்னாலேயே போட வைக்கலாம் என்று அழைத்து வந்திருக்கிறேன். ஒரு சின்ன சடங்கு மட்டும் பாக்கி. ஐந்து மணிக்குக் கோர்ட்டிலிருந்து ஆள் வருகிறார்கள், நெகட்டிவ் அலமாரிக்குச் சீல் வைத்து எடுத்துப் போவார்கள், எல்லாக் கேஸிலும் செய்வதுதான். கோர்ட்டிலிருந்து ஒரு ஈ கூட வரப் போவதில்லை என்பது எனக்கும் மேடத்துக்கும்தான் தெரியும்.

அவன் தாராளமாக வரட்டும் என்றான். காயப்போட்ட படம் ஒன்று உள்ளே இருக்கிறது, எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். அலமாரிப் பக்கம் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. பிறகு இருட்டறைக் கதவு மூடியது. சிவப்பு பல்பு எரிந்தது.

மேடத்தின் திட்டம் எளிமையானது. நெகட்டிவைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வருவான், வாசலிலேயே நான் அமுக்கிவிட வேண்டும். நான் கதவருகே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணாடி மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மாதிரி எதையோ ஊற்றும் சத்தம்.

"கீழ்த்தட்டுல இருக்கற பெரிய பாட்டில் அது" என்றார் ஹைப்போ அம்மா.

என்ன பாட்டில் என்று கேட்டார் மேடம்.

"ப்ளீச். கறுப்பை வெளுக்கறது."

எரித்தால் புகை வரும், வெட்டினால் துண்டு கிடைக்கும் என்றெல்லாம் யோசித்த மேடம் இதை யோசிக்கவில்லை. எதிரி கையிலிருந்த ஒரே சாட்சியை அழிக்க அவரே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். நான் கதவைத் திறக்கலாமா என்று அந்தப் பாழும் பல்பைப் பார்த்து ஒரு கணம் தயங்கினேன். அந்த வீட்டின் சட்டம் எனக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. ஹைப்போ அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பல்பு எரியும்போது கதவைத் தள்ளினார்.

உள்ளே வெள்ளை விளக்கே எரிந்துகொண்டிருந்தது. அவன் மஞ்சள் திரவம் நிறைந்த தட்டை நிதானமாக ஆட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துப் பதறவில்லை. உள்ளங்கை அளவு ஃபிலிம் ஒன்றை இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினான். படம் இல்லை. பால் சிந்தித் துடைத்தது போல ஒரு வெளுப்பு, அவ்வளவுதான்.

சீல் வைக்கிறவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்று மேடத்திடம் சொன்னான். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பினான்.

"இப்ப சொல்லு. நீ யாரு?"

பதில் வரும் வரை காத்திருந்தான், அப்படி ஒரு ஆனந்தம் அவனுக்கு. நான் அவனை அடித்திருப்பேன். மேடம் என் தோளைப் பிடித்திருந்தார். அம்மா, இது என் தப்பு, என் ஒருத்தியின் தப்பு என்று மேடம் மெதுவாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது.

ஹைப்போ அம்மா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. தட்டைக் குனிந்து முகர்ந்தார்.

"இதுல ஹைப்போ கலந்தியா?"

"எதுக்கு ஹைப்போ?" என்றான்.

அந்த அம்மாள் அவன் இடுக்கியிலிருந்து ஃபிலிமைப் பிடுங்கிக் குழாயடியில் காட்டினார். மஞ்சள் கரைந்து ஓடியது. கழுவியபடியே எங்களுக்குச் சொன்னார். ப்ளீச் படத்தை அழிப்பதில்லை. கறுப்பை வெளுப்பாக்கி, இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும். பழுப்பு நிறப் படம் போட முதலில் இப்படித்தான் வெளுப்பார்கள். கூடவே ஹைப்போ சேர்ந்தால்தான் அந்த வெளுப்பும் கரைந்து போய் ஃபிலிம் சுத்தமாகும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் படம் வராது. இவன் பாதி வேலையோடு நிறுத்திவிட்டான். மறுபடி டெவலப்பரில் போட்டால் கறுப்பு திரும்பி வரும்.

இதைக் கடைசி வரை கேட்கிற பொறுமை அவனுக்கு இல்லை. திரும்பி மேல்தட்டிலிருந்த ஹைப்போ பாட்டிலுக்குக் கை நீட்டினான். எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக அவன் கற்றுக்கொண்ட நேரம் அது. நான் அந்தக் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. மேடம் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஹைப்போ அம்மா வேறொரு தட்டில் டெவலப்பரை ஊற்றி, விரல் வைத்துச் சூடு பார்த்து, ஃபிலிமை நழுவவிட்டார். தட்டை ஆட்டினார். விளக்கை அணைக்க வேண்டாமா என்று கேட்டேன், எரியட்டும், இதற்கு வெளிச்சம் வேண்டும் என்றார். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. என் பிடிக்குள் அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

ஒரு மூலை கறுத்தது.

பிறகு காகிதம் கறுப்பாக, பேனா வெளுப்பாக, குனிந்த இரண்டு முகங்கள் கறுப்பாக, எல்லாம் தலைகீழ் நிறத்தில் திரும்பி வந்தன. மேடம் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்து பின்சுவர்க் காலண்டரைப் படித்தார். தேதி, மாதம், வருஷம் என்று மூன்றையும் சத்தமாகச் சொன்னார். ஹைப்போ அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தேதியை அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

அவன் என் கையில் துவண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டான். இருக்க இடமில்லாமல் தான் துரத்தியவளை, நில்லு என்று தான் சொன்னவளை, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சித்தி என்று கூப்பிட்டான். பிறகு அம்மா என்றே கூப்பிட்டான். டைபாய்டில் தான் கிடந்தபோது இருபது நாள் பக்கத்திலேயே இருந்ததைச் சொன்னான். பரீட்சைக்குப் போகும்போது வாசல் வரை வந்ததைச் சொன்னான். எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு அவன் மேல் இருந்த வெறுப்பு கூடியது, ஏனென்றால் இவ்வளவும் தெரிந்தே செய்திருக்கிறான்.

அந்த அம்மாளின் கண் ஒரு தடவை கலங்கியது. ஃபிலிமை எடுத்து நிலைக்கும்படி ஹைப்போவில் போட்டார்.

போலீசுக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்றார் மேடம். புகார் கொடுத்தால் தண்டனை நிச்சயம், கொடுக்காவிட்டால் வீட்டை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு இந்த அறையோடு முடித்துவிடலாம். பெற்றால்தான் பிள்ளையா என்று அவர் மனசு இளகும் என்றுதான் நான் நினைத்தேன். கீழே கிடந்தவனும் அதையேதான் நினைத்தான், முகத்தில் தெரிந்தது.

எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேட்டார் ஹைப்போ அம்மா.

"மூணுலேருந்து ஏழு வரைக்கும் கொடுக்கலாம்மா. நீங்க கோர்ட்ல என்ன கேக்கறீங்கங்கறதைப் பொறுத்து இருக்கு."

அவர் ஃபிலிமை வெளியே எடுத்து, கழுவி, கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். அதற்கப்புறம்தான் அவனைப் பார்த்தார்.

"ஆறு வயசுலேருந்து இவனை வளர்த்தவ நான். மூணு வருஷத்துல இவன் திருந்த மாட்டான். ஏழு கேளுங்க."